கண்மாய்க் கரை வரைக்கும் கேட்க வேண்டிய டெக்னோ

எங்கள் லேபிளிலிருந்து புதிதாக மூன்று வெளியீடுகள் வருகின்றனவாம். இரண்டு ஹவுஸ், ஒன்று டெக்னோ. அவற்றை அறிவிக்கும் பக்கத்தில் போடுவதற்கு என் வேலை அனுபவத்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்கள், நான் ஓய்வு பெற்ற பிறகு என் வேலையை எடுத்துக்கொண்ட பிள்ளைகள். நல்ல பிள்ளைகள்தான். ஆனால் போனை வைப்பதற்கு முன் ஒரு விஷயத்தைப் பெருமையாகச் சொன்னார்கள்.

"யக்கா, இப்பல்லாம் நாங்க காட்டுக்குப் போறதில்ல. பழைய வெளியீட்டையெல்லாம் கேட்டு, கம்ப்யூட்டர்லயே 'காடு'ன்னு ஒரு பட்டன் செஞ்சு வச்சிருக்கோம். அதை அமுக்குனா நம்ம லேபிளு சவுண்டு தன்னால வந்துருது."

எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை. எதை நிறுத்தச் சொல்லி வருஷக்கணக்கில் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினேனோ, அதைப் பட்டனாகச் செய்து வைத்திருக்கிறார்கள். சரி, எழுதுகிறேன். ஒரு வரி வெட்டாமல் போட வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் லேபிளின் பெயர் உடைமுள். லேபிள் என்றால், இசையைத் தேர்ந்தெடுத்து, சரிசெய்து, அட்டைப்படம் போட்டு விற்பனைக்கு விடும் சின்ன நிறுவனம். சினிமாப் பாட்டும் பக்திப் பாட்டும் நாங்கள் தொடுவதில்லை. ஹவுஸும் டெக்னோவும் மட்டும்தான். இரண்டிலும் ஒரே சீராக டிரம் அடி போய்க்கொண்டே இருக்கும். மற்ற ஒலிகள் அதன் மேல் மெல்ல வந்து மெல்லப் போகும். ஹவுஸில் கொஞ்சம் இதம் இருக்கும், யாராவது ஒரு வரி பாடினாலும் பாடுவார்கள். டெக்னோவில் அதுவும் இருக்காது. அருப்புக்கோட்டையில் இருந்துகொண்டு இதைச் சொந்தக்காரர்களுக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒரு காதுகுத்து விழாவில், பந்தியில் எல்லோரையும் வைத்துக்கொண்டு என் மதினி கேட்டாள்.

"பாட்டுக் கம்பெனியில வேலைங்கிறீக. போடச் சொன்னா டம்மு டம்முன்னுதான் கேக்குது. பாட்டு எப்ப வரும்?"

"அதான் பாட்டு."

"அப்ப டம்மு நின்ன பெறகு?"

"முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம்."

அதோடு அவள் என்னிடம் வேலையைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டாள். எனக்குச் சம்பளம் ஒழுங்காக வருகிறதா என்று என் தம்பியிடம் தனியாக விசாரித்திருக்கிறாள்.

நான் தொழில் படித்தது மதுரையில், கேசட் பதிவு செய்யும் ஒரு கம்பெனியில். நகலெடுத்த கேசட்டுகளைக் கேட்டு, இழுக்கிறதா, இரைகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். முருகன் பாட்டும் பட்டிமன்றமும் கேட்டே இளமை கழிந்தது. கேசட் போய் சிடி வந்தது, சிடியும் போனது, கம்பெனியும் போனது. பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்து சும்மா இருந்தபோதுதான் அண்ணாச்சி ஆள் அனுப்பினார்.

அண்ணாச்சிக்கு மைக்செட் தொழில். கோயில் பொங்கல், கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று சுற்றுவட்டாரத்தில் எது நடந்தாலும் அவருடைய ஸ்பீக்கர் பாக்ஸ்தான் பேசும். ஒரு தடவை கொடைக்கானலில் ஒரு தனியார் விருந்துக்குப் பாக்ஸ் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். அங்கே போட்டது டெக்னோ. திரும்பி வந்தவர் ஆளே மாறிப்போனார்.

"சினிமாப் பாட்டு என் பாக்ஸுல பாதியைத்தான் கேக்குது சரசு. இது முழுசையும் கேக்குது" என்றார்.

எங்கள் லேபிள் தொடங்கியது இந்தக் காரணத்துக்காகத்தான். இசைமேல் ஆசைப்பட்டு லேபிள் ஆரம்பிப்பவர்கள் உண்டு. இவர் பாக்ஸ்மேல் ஆசைப்பட்டு ஆரம்பித்தார். குமாரலிங்கபுரத்தில் ஜவுளிப் பூங்கா வந்தால் வேலை கிடைக்கும் என்று காத்திருக்கிற பாலிடெக்னிக் பையன்கள், திருச்சுழியில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறவர்கள், இப்படிப்பட்டவர்கள் எங்களுக்கு இசை கொண்டுவந்து கொடுத்தார்கள். நேரத்துக்கு ஒருவனும் தரமாட்டான். தந்தாலும் 'ஃபைனல்', 'புது ஃபைனல்', 'இதான் ஃபைனல்' என்று ஒரே பாட்டுக்கு ஏழெட்டுப் பிரதி வரும். எது உண்மையான ஃபைனல் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. அட்டைப்படத்துக்குப் பெயர் கேட்டால் யோசித்துச் சொல்கிறேன் என்பான், யோசிக்கவே மாட்டான். பாதிப் பாட்டுகளுக்கு நான்தான் பெயர் வைத்தேன்.

அண்ணாச்சியின் முறை இதைவிட மோசம். ஒரு பாட்டு பிடித்திருக்கிறது, பிடிக்கவில்லை என்று வாயைத் திறந்து சொல்லமாட்டார். கேட்டு முடித்ததும் எழுந்து போய் முகம் கழுவுவார். சீக்கிரம் திரும்பி வந்தால் பிடிக்கவில்லை. நெடுநேரம் கழுவினால் பிடித்திருக்கிறது. பாட்டுக் கொடுத்தவர்கள் குழாய்ச் சத்தத்தைக் கேட்டபடி நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இது என்ன அண்ணாச்சி நிர்வாகம் என்று நானும் கேட்டிருக்கிறேன். "கேட்டது செரிக்க வேணாமா?" என்பார்.

அதைத் தாண்டியவர்களுக்குத்தான் காடு. எங்கள் பக்கம் காடு என்றால் மரம் அடர்ந்த காடு இல்லை, மழையை நம்பி விதைக்கிற கரிசல் நிலம். பரளச்சிக்குப் பக்கத்தில் அண்ணாச்சிக்கு அப்படி ஒரு காடு உண்டு. கொத்தமல்லி அறுத்த பிறகு வெறுந்தரையாகக் கிடக்கும். கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு சுவர் கிடையாது. பாக்ஸுகளையும் ஜெனரேட்டரையும் குட்டியானை லோடு வண்டியில் ஏற்றி, அவற்றோடு என்னையும் ஏற்றி அங்கே கொண்டுபோவார். ஜெனரேட்டரை வயர் எட்டுகிற தூரத்துக்குத் தள்ளி வைக்க வேண்டும், அதன் இரைச்சல் கலக்கக் கூடாது. வெடிப்பு விட்ட தரையில் பாக்ஸ் ஆடும் என்பதால் அடியில் பலகை போட வேண்டும். காற்று முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். வெயில் தாழ்ந்திருக்க வேண்டும், ஏனென்றால் வெக்கையில் சத்தம் மேலே ஏறிப் போய்விடும் என்பது அவர் கணக்கு. எல்லாம் சரியான பிறகு, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வரப்பு வழியாகக் கண்மாய்க் கரைக்கு நடப்பார். அங்கே நின்று கேட்பார். அடி அங்கே வந்து சேர்ந்தால் துண்டைத் தூக்கிக் காட்டுவார். சேராவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு அப்படியே நிற்பார். துண்டு மேலே போகும்வரை நான் பேஸைக் கூட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பேஸ் என்றால் டிரம்மின் அடி ஒலி, நெஞ்சில் வந்து இடிக்கிறதே, அது.

துண்டு உயர்ந்தால்தான் வெளியீடு. ஆடி மாதம் காற்று அள்ளிக்கொண்டு போகும், காட்டில் ஒன்றும் கேட்காது. அதனால் ஆடியில் எங்கள் லேபிளில் வெளியீடே கிடையாது. எங்கள் இசையை இணையத்தில் விற்கிற வெளிநாட்டுக் கடைக்காரர்கள் இது ஏதோ மத நம்பிக்கை என்று நினைத்து, மரியாதையாக வாழ்த்து வேறு அனுப்புவார்கள். அதற்கு நான் பதில் எழுத வேண்டும்.

இதில் என்ன கோளாறு என்று கேட்டால், இதில் எல்லாமே கோளாறு. அறைக்குள் பேஸ் சுவரில் மோதித் திரும்பும், சேர்ந்து நிற்கும். காட்டில் மோத இடமில்லை, அது பாட்டுக்குப் போய்விடும். அந்தக் காட்டில் கண்மாய்க் கரை வரைக்கும் கேட்கும்படி கூட்டினால், அதே பாட்டை அறைக்குள் போடும்போது என்ன ஆகும்? எங்கள் பாட்டை வாங்கியவர்களோ எல்லோரும் எங்கோ நான்கு சுவருக்குள் ஆடுகிறவர்கள். எத்தனை தடவை சொல்லியிருப்பேன். "ரூமுக்குள்ள கேட்டா எல்லாப் பாட்டும்தான் நல்லாருக்கும். வெட்டவெளியில நிக்குதா பாரு" என்று வாயை அடைத்துவிடுவார். வாங்கியவர்களும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. இதுதான் இவர்கள் பாணி போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் மாரீஸ்வரி வந்தாள்.

மாரீஸ்வரிக்கு மல்லாங்கிணற்றில் செல்போன் பழுது பார்க்கும் கடை. கடையில் ஆள் இல்லாத நேரத்தில், யாரோ வேண்டாம் என்று போட்டுவிட்டுப் போன லேப்டாப்பைச் சரிசெய்து அதில் டெக்னோ செய்துகொண்டிருந்தாள். இரண்டு பாட்டு கொண்டுவந்தாள். டிரம் அடி, பக்கத்து வீட்டில் மாவு இடிப்பது போலத் தள்ளிக் கேட்டது. செல்போன் அதிர்கிற சத்தத்தை இழுத்து நீட்டி அதன் மேல் வைத்திருந்தாள். அவ்வளவுதான் அந்தப் பாட்டு. ஆனால் முடிந்த பிறகு நான் ஹெட்போனைக் கழற்ற மனமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். அத்தனை வருஷத்தில் எனக்கு அப்படி நடந்தது அந்த ஒரு தடவைதான்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அதற்கு முன்னால் அவள் செய்த ஒரு பாட்டை ஒரு கல்யாண டிஜே வாங்கி, நடுவில் சைரன் சத்தமும் விசிலும் சேர்த்து, ஊரெல்லாம் சுற்ற விட்டிருந்தான். அதைச் செய்தவள் நீதானா என்று ஆட்கள் கடைக்கே வந்து பாராட்டியிருக்கிறார்கள். அது அவளுக்குப் பெரிய அவமானம்.

"யக்கா, விக்கலைன்னாலும் பரவால்ல. என் பேருல வர்றது நான் பண்ணுன மாதிரியே வரணும். அம்புட்டுத்தான்" என்றாள்.

நான் சரி என்றேன். அண்ணாச்சி பாட்டைக் கேட்டுவிட்டு முகம் கழுவப் போனார். மேல்தொட்டியே காலியாகிவிடும் போல இருந்தது, அவ்வளவு நேரம் ஆனது. துண்டால் துடைத்துக்கொண்டே வந்து, "இதைத் தட்டாப் போடுவோம்" என்றார். அதுவரை எங்கள் வெளியீடுகள் எல்லாம் இணையத்தில் மட்டும்தான் வந்தன. ஊசி வைத்துக் கேட்கிற இசைத்தட்டு நாங்கள் போட்டதே இல்லை. ஹவுஸும் டெக்னோவும் போடுகிற டிஜேக்களுக்குத் தட்டு என்றால் தனி மதிப்பு. முதல் தட்டே அவளுடையது என்றதும் மாரீஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

அடுத்த வார்த்தையாக அண்ணாச்சி, "நாளைக்குக் காட்டுக்குப் போயிருவோம்" என்றார்.

போனோம். பாக்ஸை இறக்கி, பலகை போட்டு, காற்றுப் பார்த்து, பாட்டைப் போட்டேன். அண்ணாச்சி கண்மாய்க் கரையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பேஸைக் கூட்டினேன், அசையவில்லை. இன்னும் கூட்டினேன். மாரீஸ்வரி என் பக்கத்தில் நின்று, "வேணாம்க்கா, வேணாம்க்கா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வேண்டாம் என்று நானும் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். "பாட்டுல சத்து இருக்கு, அடி பத்தல" என்று வைத்துவிட்டார். அன்றைக்குத் துண்டு உயரவே இல்லை. மறுபடி இரண்டு தடவை போனோம். மூன்றாவது தடவை துண்டு மேலே போனபோது, அந்த மாவு இடிக்கிற சத்தம் லாரி மேடுபள்ளத்தில் ஏறி இறங்குகிற சத்தமாகியிருந்தது. மாரீஸ்வரி வண்டியில் ஏறவில்லை. பரளச்சியிலிருந்து பஸ் பிடித்துப் போய்விட்டாள்.

தட்டு அடிக்கும் தொழிற்சாலையிலிருந்து போன் செய்தார்கள். பேஸ் மிக அதிகமாக இருக்கிறது, இப்படித் தட்டில் கோடு வெட்டினால் ஊசி நிற்காது, குறைக்கட்டுமா என்று கேட்டார்கள். அவர்களுக்குத் தெரிகிறது, பாருங்கள். அண்ணாச்சி போனை என்னிடமிருந்து பிடுங்கி, "அனுப்புனதை அனுப்புனபடி அடிங்க" என்றார். அன்று நான் சாப்பிடாமல் வீட்டுக்குப் போனேன். வேலையை விட்டுவிடலாம் என்று முடிவு செய்து, மறுநாள் காலையில் வேறு வழியில்லாமல் திரும்பி வந்தேன்.

மாதிரித் தட்டு வந்தது. அண்ணாச்சி ரெக்கார்டு பிளேயருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். மாரீஸ்வரியைக் கெஞ்சி வரவழைத்திருந்தேன். ஊசியை வைத்ததும் முதல் அடி வந்தது. இரண்டாவது அடியில் ஊசி குதித்துத் தட்டின் நடுவுக்குப் போய்விட்டது. மறுபடி வைத்தால் மறுபடி குதித்தது. ஊசி தாங்கும் கைமேல் காசு வைத்து அழுத்திப் பார்த்தார் அண்ணாச்சி. பிளேயர் சரியில்லை என்றார். பிறகு கட்டடம் சரியில்லை என்றார். எங்கள் அலுவலகம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் இருந்தது. பஸ் போகிற அதிர்வில்தான் ஊசி துள்ளுகிறதாம். பாட்டைத் தவிர உலகத்தில் உள்ள எல்லாவற்றின் மேலும் பழி போட்டார்.

"மண்டபத்துக்கு எடு. கருங்கல் தரை. அங்க ஆடாது" என்றார்.

ஒரு கல்யாண மண்டபத்தில், மறுநாள் முகூர்த்தத்துக்காக அவருடைய பாக்ஸ்களைக் கட்டி வைத்திருந்தார்கள். மத்தியான நேரம். சமையல்காரர்களைத் தவிர ஆள் இல்லை. பிளேயரைத் தரையில் வைத்து, வயரைப் பாக்ஸில் கொடுத்து, காசை வைத்து ஊசியை இறக்கினார். கருங்கல் தரையின் புண்ணியமோ காசின் புண்ணியமோ, கொஞ்ச நேரம் ஊசி நின்றது. நின்றதுதான் வினையாகப் போயிற்று. சத்தம் சுவரில் மோதித் திரும்பித் திரும்பி வந்தது. டியூப்லைட்டுகள் கடகடத்தன. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பாட்டு என்று ஒன்று உள்ளே இருந்ததே, அது எங்கே போனது என்று தெரியவில்லை. சமையல்காரர் கரண்டியோடு ஓடி வந்தார்.

"அண்ணாச்சி, உள்ள அண்டாவெல்லாம் நகருது. என்னத்தைப் போட்டீக?"

ஊசி குதித்துச் சத்தம் நின்றது. யாரையும் கேட்காமல் மாரீஸ்வரி எழுந்து போய், பிளேயரிலிருந்து வயரைப் பிடுங்கித் தன் செல்போனில் சொருகினாள். அவள் முதன்முதலில் செய்து கொண்டுவந்த அதே பாட்டு, ஒரு மாற்றமும் இல்லாமல் வந்தது. அடி மெதுவாக, தள்ளி, ஆனால் மண்டபம் முழுக்கக் கேட்டது. செல்போன் அதிர்வு கூரையில் ஏறி இறங்கியது. சமையல்காரர் அங்கேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சந்தோஷம் பாதி, இத்தனை நாள் வீணாகக் கத்தினோமே என்ற ஆத்திரம் பாதி.

பாட்டு முடிந்ததும் அண்ணாச்சி கைகழுவும் இடத்துக்குப் போனார். குழாயைத் திறக்காமல் சும்மா நின்றார். பிறகு வந்து மாரீஸ்வரியைக் கேட்டார்.

"ஏத்தா, மூணு தடவை கூட்டச் சொன்னேனே. அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொன்னேன் அண்ணாச்சி. நீங்க கண்மாய்க் கரையில நின்னீக. கேக்கல."

அவர் என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்லட்டும்? நானும்தான் சொன்னேன், வருஷக்கணக்கில் பக்கத்தில் நின்றே சொன்னேன். "அப்ப இதுவரைக்கும் நாம விட்டதெல்லாம்?" என்று கேட்டார். "எல்லாம் இப்படித்தான் அண்ணாச்சி" என்றேன். அவர் முகம் விழுந்துபோனது. அத்தனை பையன்களின் பாட்டும் அத்தனை பேர் அறைகளிலும் இப்படி அண்டாவை நகர்த்திக்கொண்டிருந்திருக்கிறது. அந்த நேரத்தில் அவரைத் திட்ட நான் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் வாயில் வரவில்லை. அதிலும் எனக்கு எரிச்சல்தான்.

மறுநாள் அண்ணாச்சியே தொழிற்சாலைக்குப் போன் செய்தார். "அந்தப் பிள்ளை புதுசா அனுப்பும். அதுல யாரும் கையை வைக்காதீக" என்றார். தட்டு திரும்ப வெட்டி, அடித்து வந்தது. எங்களிடம் எப்போதும் வாங்குகிற வெளிநாட்டுக் கடைக்காரர், இதில் உங்கள் வழக்கமான கனம் இல்லையே, அடுத்ததைப் பார்க்கலாம் என்று எழுதிவிட்டார். சரியாகச் செய்த ஒரே தட்டை வேண்டாம் என்கிறார். நான் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். இனி மறுபடியும் காட்டுக்குக் கிளம்புவார் என்று நினைத்தேன். அண்ணாச்சி அந்தக் கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "வேணாம்னா போகட்டும். கூட்டித் தர முடியாதுன்னு எழுது" என்றார். அப்படியே எழுதினேன். என் வேலைக்காலத்தில் மனநிறைவோடு எழுதிய கடிதம் அது ஒன்றுதான்.

தட்டை ஒரு பார்சலாக அனுப்பாமல், மல்லாங்கிணற்றுக்கு அண்ணாச்சியே கொண்டுபோனார். அவளிடம் ரெக்கார்டு பிளேயர் கிடையாது என்று குட்டியானையில் பிளேயரையும் ஏற்றிக்கொண்டார். பெரிய பாக்ஸ் ஒன்றையும் எடுக்கவில்லை. கடைக்குள், கழற்றிப் போட்ட செல்போன்களை ஒதுக்கிவிட்டு மேஜையில் பிளேயரை வைத்து, சின்ன ஸ்பீக்கர் ஒன்றை மாட்டினோம். ஊசியை அவளையே வைக்கச் சொன்னார். கடைக்கு ஒருத்தர் ரீசார்ஜ் செய்ய வந்தார். மாரீஸ்வரி பேசாமல் கையைக் காட்டி அவரை நிறுத்தி வைத்தாள். அந்த மனிதரும் என்ன ஏது என்று தெரியாமல் இரண்டு பாட்டு முடியும்வரை நின்றார்.

முடிந்ததும் அண்ணாச்சி கேட்டார். அத்தனை வருஷத்தில் பாட்டுச் செய்தவரை அவர் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

"சரியா இருக்காத்தா?"

மாரீஸ்வரி ஊசியைத் தூக்கி ஓரமாக வைத்தாள்.

"ரெண்டாவது பாட்டுல ஒரு எடத்துல தாளம் லேசா முந்திருச்சு அண்ணாச்சி. அப்ப கவனிக்கல."

திரும்பவும் முதலிலிருந்தா என்று நான் சுவரில் சாய்ந்துவிட்டேன். "மாத்திருவமா?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"வேணாம். இருக்கட்டும்" என்றாள் அவள், தட்டை உறையில் போட்டபடியே. "அது நான் பண்ணுன தப்பு."

சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.